ஸ்ரீபாதம் தாங்குவார்: வெட்டியும் கூலியும் கைங்கர்யமும்

"அரங்கன் நடையழகு, வரதன் குடையழகு" என்பது நம் பெரியோர்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் சொல். திருவரங்கத்தில் நம்பெருமாள் ஸிம்ஹகதியில் புறப்பட்டருளுவதையும், ஸர்ப்பகதியில் வளைந்து எழுந்தருளுவதையும், ஒய்யாளியில் முன்னும் பின்னும் உலவுவதையும் சேவித்தவர்கள் இச்சொல்லின் உண்மையை அறிவார்கள். ஆயினும் ஒன்று ஆராயத்தக்கது. நடை என்பது கால்களுக்கு உரிய தர்மம். எம்பெருமானுடைய திருவடிகளோ தோளுக்கினியானின் மேல் அசையாது நிலைபெற்றிருக்கின்றன. அங்ஙனமாயின் அந்நடையை நடப்பவை எவருடைய கால்கள்? ஸிம்ஹத்தின் கம்பீரமும் யானையின் மிடுக்கும் எவருடைய முழங்கால்களில் பிறக்கின்றன?

ஸ்ரீபாதம் தாங்குவாருடைய கால்களில் என்பதே விடை. அழகைப் பெருமாளுக்கு ஆக்கி, பாரத்தைத் தமக்கு ஆக்கிக்கொண்ட அவர்களைப் பற்றி நம் ஏடுகளில் எழுதப்பட்டது மிகக் குறைவு. அக்குறையைச் சிறிதேனும் நீக்கவும், மனிதரைச் சுமக்கும் சிவிகைக்கும் எம்பெருமானைத் தாங்கும் சிவிகைக்கும் உள்ள வேறுபாட்டைப் பூர்வாசார்யர்களின் திருவுள்ளத்தைக் கொண்டு ஆராயவும் அடியேன் இவ்வ்யாஸத்தை எழுதத் துணிந்தேன்.

1. சொல்வழக்கு

'சிபிகா' என்ற வடசொல் தமிழில் 'சிவிகை' ஆயிற்று. சிவிகை தாங்குவோர்க்குச் 'சிவியார்' என்ற பெயரும் இதிலிருந்தே வந்தது. 'பர்யங்க' என்ற சொல்லின் வழிவந்தது பல்லக்கு. அச்சொல்லே போர்ச்சுகீசியர் வாயிற் புகுந்து உருமாறி, ஐரோப்பிய மொழிகள் பலவற்றிலும் பரவியது. 'தோலா' என்பது ஊஞ்சல். அதிலிருந்து வந்தது டோலி. இவையெல்லாம் உள்ளே இருப்பவனை நோக்கி எழுந்த பெயர்கள். கட்டில் போன்றது, ஊஞ்சல் போன்றது என்று ஏறியிருப்பவனுடைய ஸுகத்தையே அவை சொல்லுகின்றன.

நம் ஸந்நிதிகளில் வழங்கும் 'தோளுக்கினியான்' என்ற பெயர் மட்டும் சுமப்பவனை நோக்கி எழுந்தது. தோளுக்கு இனியதாயிருப்பது என்று அதற்குப் பொருள். பாரம் இனிதாவது எப்படி என்ற கேள்வியும் அதற்கான விடையும் இப்பெயருக்குள்ளேயே அடங்கியிருக்கின்றன. 'ஸ்ரீபாதந்தாங்குவார்' என்ற வழக்கும் இவ்வகையினதே. கல்வெட்டுகளிலும் இப்பெயர் காணப்படுகிறது. அவர்கள் தாங்குவது மரத்தண்டை அன்று, திருவடியை என்று நம் முன்னோர் எண்ணினர்.

2. ஸௌவீர ராஜனின் சிவிகை

சிவிகையைப் பற்றிய விசாரம் நம் ஸம்ப்ரதாயத்திற்குப் புதியதன்று. ஸ்ரீவிஷ்ணுபுராணத்தின் 2ஆம் அம்சத்தில் ஜடபரதர் சரிதம் வருகிறது. கபில மஹர்ஷியைச் சேவிக்க ஸௌவீர ராஜன் சிவிகையில் ஏறி இக்ஷுமதீ தீரத்திற்குச் செல்லுகிறான். சுமக்க ஆள் வேண்டியிருந்தது. வழியில் தென்பட்ட ஜடபரதரை அரச சேவகர்கள் பிடித்துத் தண்டின்கீழ் நிறுத்துகிறார்கள். புராணம் இதனை 'விஷ்டி' என்ற சொல்லால் குறிக்கிறது. ஊதியமின்றி வலிந்து வாங்கும் வேலைக்கு விஷ்டி என்று பெயர். சோழர் காலக் கல்வெட்டுகளில் 'வெட்டி' என்று வருவது இதன் தத்பவமே. இன்றும் நாம் 'வெட்டி வேலை' என்று சொல்லுகிறோம்.

ஜடபரதர் நுகத்தடி அளவு தூரம் தரையை நோக்கி மெல்ல அடியெடுத்து வைக்கிறார். மற்றவர்கள் விரைந்து நடக்கிறார்கள். சிவிகை குலுங்குகிறது. ஸ்ரீபாகவதத்தின் 5ஆம் ஸ்கந்தத்திலும் இச்சரிதம் உண்டு. அங்கே அரசனுக்கு ரஹூகணன் என்று பெயர். காலின்கீழ் ஜீவன்கள் நசுங்கலாகாதே என்று பார்த்துப் பார்த்து நடந்ததால் ஜடபரதருடைய நடை மற்றவர் நடையோடு ஒவ்வவில்லை என்பது வ்யாக்யாதாக்கள் காட்டும் கருத்து.

அரசன் சிரித்து, "சிறிது தூரந்தானே சுமந்தாய்? அதற்குள் களைத்தாயோ? உடல் பருத்தன்றோ இருக்கிறாய்?" என்று ஏளனம் செய்கிறான். அவர் சொன்ன மறுமொழி பரதகண்டத்தின் தத்த்வ விசாரங்களுள் மிக ஆழமானவற்றுள் ஒன்று. நான் பருத்தவனும் அல்லேன், சுமந்தவனும் அல்லேன், களைத்தவனும் அல்லேன் என்கிறார். "ப்ரத்யக்ஷமாகவே காண்கிறேனே" என்கிறான் அரசன். "ப்ரத்யக்ஷமாக எதைக் கண்டாய்? அதைச் சொல்" என்று திருப்பிக் கேட்கிறார். நிலத்தின்மேல் பாதம், பாதத்தின்மேல் கணைக்கால், அதன்மேல் தொடை, வயிறு, மார்பு, தோள், தோளின்மேல் சிவிகை. இதில் என் பாரம் எது? மரத்திலிருந்து கட்டை, கட்டையிலிருந்து சிவிகை. மரம் என்ற பெயர் எங்கே போயிற்று? அரசன் மரத்தின்மேல் ஏறியிருக்கிறான் என்று யாரேனும் சொல்வார்களோ? இவ்வாறு கேட்டுக் கேட்டு, ஏறியவன், சுமந்தவன் என்ற பேதம் தேஹத்தைப் பற்றியதேயன்றி ஆத்மாவைப் பற்றியதன்று என்பதை அவர் நிலைநாட்டுகிறார்.

இதனைத் தொடர்ந்து வரும் ருபு, நிதாகர் ஸம்வாதமும் இங்கே அனுஸந்திக்கத்தக்கது. யானைமேல் அரசன் வருவதைக் கண்ட நிதாகரிடம், யானை எது, அரசன் எவன், மேல் எது, கீழ் எது என்று ருபு ஒன்றும் அறியாதவர்போல் கேட்கிறார். நிதாகர் சட்டென்று அவர் முதுகின்மேல் ஏறிக்கொண்டு, "அரசனைப்போல் நான் மேலே, யானையைப்போல் நீர் கீழே" என்கிறார். "அப்படியாயின், நான் என்பது யார், நீர் என்பது யார்?" என்று கீழிருந்து கேள்வி வருகிறது. முதுகின்மேல் இருந்தவர் இறங்கி, தம்மைச் சுமந்தவருடைய திருவடிகளில் விழுகிறார்.

இப்பகுதியிலுள்ள ச்லோகங்களை அத்வைதிகள் ஆத்மைக்யத்துக்கு ப்ரமாணமாகக் காட்டுவர். எம்பெருமானார் ஸ்ரீபாஷ்யத்தின் முதல் அதிகரணத்திலேயே அவற்றை எடுத்து விசாரித்தருளினார். ஆத்மாக்கள் பலர். ஆயினும் ஜ்ஞானமே வடிவாயிருப்பதில் அனைவரும் ஸமர். தேவன், மனிதன், அரசன், சிவிகை தாங்குவோன் என்ற வேறுபாடுகள் கர்மத்தால் வந்த தேஹத்தைப் பற்றியவை. இதுவே அங்கே அவர் காட்டிய பொருள். ஸ்ரீவிஷ்ணுபுராணத்துக்கு வ்யாக்யானம் அருளிச்செய்த எங்களாழ்வானும் அந்த வழியிலேயே செல்லுகிறார். ஆகவே, ஏறியிருப்பவனுடைய ஆத்மா உயர்ந்தது, சுமப்பவனுடைய ஆத்மா தாழ்ந்தது என்று நம் ஸித்தாந்தத்தில் ஒருவன் சொல்வானாகில், அவன் ஸ்ரீபாஷ்யத்தின் வாயிற்படியையே தாண்டாதவன்.

இங்கே திருக்குறளின் 37ஆம் குறள் நினைவுக்கு வரும். சிவிகை பொறுத்தானையும் ஊர்ந்தானையும் ஒருங்கே காட்டுவது அது. அறத்தின் பயனை ஆகமம் கொண்டு உணர்த்த வேண்டா, காட்சியளவையாலேயே அறியலாம் என்று பரிமேலழகர் உரை கண்டார். சுமப்பவனையும் ஏறியிருப்பவனையும் பார்த்த அளவிலேயே முன்வினைப் பயன் விளங்கும் என்பது அவர் கருத்து. இவ்விருவரையும் காட்டி இதுவே அறத்தின் வழி என்று சொல்ல வேண்டா என்று வேறு வகையாகப் பொருள் கொண்டாரும் உளர். பரிமேலழகருடைய புலமைக்குத் தலைவணங்கும் அடியேன், ஸ்ரீவிஷ்ணுபுராணத்தை அருகில் வைத்துப் பார்க்கும்போது ஒன்றை விண்ணப்பிக்காமல் இருக்க முடியவில்லை. அவர் நம்பிய அந்தக் காட்சியளவையைத்தான் ஜடபரதர் அரசனிடம் மறுத்துக் கேட்டார். கண்ணால் கண்டது தண்டும் தோளுமே. வினையை எவரும் கண்ணால் கண்டதில்லை.

3. முனிவாஹனர்

ஆசார்யர்களின் சரிதங்களில் சுமத்தல் இழிவாகச் சொல்லப்படவில்லை. கருடாழ்வானை எம்பெருமானுக்கு அடியவனாகவும் தோழனாகவும் வாஹனமாகவும் ஆளவந்தார் ஸ்தோத்ரரத்னத்தில் ஒருசேரப் போற்றினார். சுமப்பவன் என்பதாலேயே அவன் பெரியதிருவடி ஆனான்.

இதன் சிகரம் திருப்பாணாழ்வார் வைபவம். உறையூரில் அவதரித்து, காவிரியின் தென்கரையில் நின்று பாடிய பாணரைத் தன் தோளின்மேல் எழுந்தருளப்பண்ணிக்கொண்டு வரும்படி லோகஸாரங்க முனிவருக்கு அரங்கன் நியமித்தான். நீர்த்துறையில் அவர்மேல் கல்லெறிந்த அபசாரத்துக்கு அதுவே ப்ராயச்சித்தமும் ஆயிற்று. தாழ்ந்தவர் என்று எண்ணப்பட்டவர் மேலே. உயர்ந்தவர் என்று எண்ணப்பட்டவர் கீழே. ஆழ்வாருக்கு 'முனிவாஹனர்' என்ற திருநாமம் இதனாலேயே வந்தது. அமலனாதிபிரான் 10 பாசுரங்களுக்கும் வேதாந்த தேசிகன் அருளிய வ்யாக்யானத்திற்கு 'முனிவாஹனபோகம்' என்று பெயர். பெரியவாச்சான் பிள்ளையும் அழகிய மணவாளப் பெருமாள் நாயனாரும் வ்யாக்யானம் செய்த ப்ரபந்தமும் அதுவே. முனிவர் சுமந்தார் என்பதற்காக அவருடைய பெருமை ஒரு மாற்றும் குறையவில்லை. சைவர்களும் திருப்பூந்துருத்தியில் அப்பர் பெருமான் ஞானசம்பந்தரின் சிவிகையைத் தாங்கியதை இவ்வாறே போற்றுவர்.

மற்றொன்று 1323ஆம் ஆண்டின் கலாபம். படையெடுப்பின்போது பிள்ளை லோகாசார்யர் மிக முதிர்ந்த பிராயத்தில் நம்பெருமாளை எழுந்தருளப்பண்ணிக்கொண்டு புறப்பட்டு, ஜ்யோதிஷ்குடியில் பரமபதித்தார். அதன்பின் அழகர்மலை, கோழிக்கோடு, திருநாராயணபுரம், திருமலை என்று நம்பெருமாள் தோள்மாறித் தோள்மாறி எழுந்தருளினார். இறுதியில் கொடவர் எனப்பட்ட மூவர் மட்டுமே உடனிருந்ததாகக் கோயிலொழுகு கூறும். 1371இல் கோபணார்யர் காலத்தில் நம்பெருமாள் கோயிலுக்குத் திரும்பும்வரை 48 ஆண்டுகள் ஸம்ப்ரதாயத்தைக் காத்தவை கோட்டைகளும் அல்ல, க்ரந்தங்களும் அல்ல. தோள்களே காத்தன.

4. கடற்கரையிலும் இருப்புப்பாதையிலும்

மேற்சொன்ன இருவகைக்கும் இடையே மூன்றாவதொன்று உண்டு. அதைக் காண அடியேன் பிறந்து வளர்ந்த வடசென்னையை விட்டு வெளியே செல்ல வேண்டியதில்லை.

சென்னைக்குத் துறைமுகம் அமையாத காலத்தில் கப்பல்கள் கரைக்கு வெகு தூரத்தில் நங்கூரமிட்டு நின்றன. ஆணியின்றித் தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய மசூலாப் படகுகளே அலைகளைக் கடந்து கரைசேர வல்லவை. படகு மணலைத் தொட்டவுடன் படகோட்டிகள் நீரிலிறங்கிப் பயணிகளை முதுகிலோ தோளிலோ நாற்காலியில் வைத்தோ உலர்ந்த மணலுக்குத் தூக்கி வந்தனர். சென்னையில் காலடி வைத்த வெள்ளைக்காரர் பலருக்கு முதல் வாஹனம் ஒரு பரதவருடைய தோளே. 1861இல் கடலுக்குள் நீண்ட பாலம் வந்தது. 1875இல் துறைமுக வேலை தொடங்கி, 1881இல் புயலில் சிதைந்து, மீண்டும் கட்டப்பட்டது. அதன்பின் அத்தோள்களுக்கு வேலை இல்லாமற் போயிற்று.

கரைக்கு வந்தபின் பல்லக்கு. கும்பெனியார் காலத்தில் உத்தியோகஸ்தர்களும் துபாஷிகளும் பல்லக்கிலேயே சென்றனர். பல்லக்குத் தூக்கிகளுள் தெலுங்கு தேசத்திலிருந்து வந்த போயிகள் பலர். நெடும்பயணமாயின் ஊருக்கு ஊர் ஆள்மாற்று ஏற்பாடு உண்டு. இரவில் தீவட்டி பிடிப்பவன் முன்னே ஓடுவான். இளைப்பாறும்போது ஆயக்கால் என்னும் கவைக்கோலின்மேல் தண்டைத் தாங்கவைப்பார்கள். இராயப்பர் பெயரால் அமைந்த இராயபுரத்திலிருந்து 1856ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் தேதி வாலாஜா ரோடு வரையில் புகைவண்டி ஓடத் தொடங்கியது. பயணிகளுக்கான தென்னாட்டின் முதல் இருப்புப்பாதை அது. பல்லக்கில் பல நாள் சென்ற வழியை மக்கள் சில மணி நேரத்தில் கடந்தனர். பிற்காலத்தில் கைரிக்‌ஷா வந்தது. மனிதனை மனிதன் இழுப்பது தகாது என்று 1973இல் தமிழக அரசு அதை ஒழித்தது. இவை கூலிக்குச் சுமந்த தோள்களின் வரலாறு. இதில் விஷ்டியின் பலாத்காரமும் இல்லை, கைங்கர்யத்தின் இனிமையும் இல்லை. வயிறு ஒன்றே காரணம்.

எங்கள் பக்கத்துக் காலடிப்பேட்டையும் இவ்வரலாற்றோடு தொடர்புடையதே. 1717 முதல் 1720 வரை சென்னைக் கவர்னராயிருந்த ஜோசப் காலெட் என்பவர் பெயரால் நெசவாளர்களுக்காக ஏற்பட்ட காலெட்பேட்டையே காலடிப்பேட்டை ஆயிற்று. அங்கே எழுந்தருளியிருப்பவர் கல்யாண வரதராஜப் பெருமாள். கவர்னரிடம் உத்தியோகம் பார்த்த ஒரு பாகவதர் காஞ்சி வரதனைச் சேவித்தாலன்றி இருக்கமாட்டாதவராய் இருந்தார் என்றும், காஞ்சியில் இந்நேரம் என்ன நடக்கிறது என்று கவர்னர் சோதித்துக் கேட்க, அவர் இங்கிருந்தே கண்டவர்போல் உத்ஸவத்தில் நேர்ந்ததைச் சொன்னார் என்றும், அது மெய்யென அறிந்தபின் இக்கோயில் எழுந்தது என்றும் செவிவழிச் செய்தி உண்டு. பல்லக்கில் ஏறியவனும் வரதனைத் தாங்கிய அன்பின்முன் தோற்றான் என்பதே அதன் ஸாரம்.

5. அடியேனுடைய அபசாரம்

அடியேனுக்கு 14 வயது. எங்கள் ஸந்நிதியில் ஸ்ரீபாதம் தாங்கியவர்களுள் பெரும்பாலோர் ஆலைகளிலும் துறைமுகத்திலும் வேலை செய்தவர்கள். ஆலைச் சங்கு ஊதி வேலை முடிந்ததும் கிணற்றடியில் நீராடி, திருமண் தரித்து, ஈரத்தலையோடு ஓடிவருவார்கள். உயரம் பார்த்து முன்தண்டுக்கும் பின்தண்டுக்கும் ஆள் பிரித்து நிற்பார்கள். ஒருவர் தோள் சாய்ந்தால் அந்தப் பாரம் அடுத்தவர் கழுத்தில் இறங்கும். ஆகையால் ஒருவர் மூச்சை மற்றவர் கேட்டு நடப்பார்கள்.

ஒருநாள் புறப்பாட்டில் பின்தண்டு ஓரடி தாழ்ந்து பெருமாள் குலுங்கினார். கோஷ்டியில் நின்றிருந்த அடியேன், அத்யயனம் கற்ற செருக்கில், அப்பெரியவரை நோக்கி, "நேராகத் தாங்கத் தெரியாதோ?" என்று எல்லோர் காதிலும் விழக் கேட்டேன். அவர் தலைகுனிந்து, "மன்னிக்கணும் சாமி" என்றார்.

புறப்பாடு முடிந்தபின் திருத்தகப்பனார் அடியேனைக் கைப்பிடித்து அவரிடம் அழைத்துச் சென்றார். "அண்ணா, தோளைச் சற்றுக் காட்டும்" என்றார். அவர் கூசிக்கொண்டே துண்டை விலக்கினார். தண்டு பதியும் இடத்தில் கைம்முட்டி அளவு காய்ப்பு. அதன் நடுவே தோல் வெடித்துக் குருதி கசிந்துகொண்டிருந்தது. அன்று பகலெல்லாம் துறைமுகத்தில் மூட்டை சுமந்த தோள் அது. தகப்பனார் ஒன்றும் சொல்லவில்லை. அன்றிரவு வழக்கமான பாடத்தை நிறுத்திவிட்டு, ஸ்ரீவிஷ்ணுபுராணத்தை எடுத்து 2ஆம் அம்சத்தின் 13ஆம் அத்யாயத்தைத் தொடங்கினார். அரசன் சிரித்த இடம் வந்தபோது நிறுத்தி, அடியேன் முகத்தைப் பார்த்தார். அதற்குமேல் அந்தப் பாடத்துக்கு வ்யாக்யானம் வேண்டியிருக்கவில்லை.

பகலில் கூலிக்குச் சுமந்த அதே தோள் இரவில் கைங்கர்யத்துக்குச் சுமந்தது. தோள் ஒன்று, வலி ஒன்று. நெஞ்சின் நிலை ஒன்றே வேறு.

6. இக்காலத்தில் செய்யத்தக்கது

மனிதரை மனிதர் சுமத்தல் தகுமா என்ற கேள்வி அண்மையில் பொதுவெளியில் எழுந்தது. 2022இல் தருமபுர ஆதீனத்தின் பட்டினப் பிரவேசத்தில் பல்லக்குக்குத் தடை விதிக்கப்பட்டு, பின் அத்தடை விலக்கப்பட்டது. ஸ்ரீரங்கத்துக் கைசிக ஏகாதசி ப்ரஹ்மரதத்தைப் பற்றியும் இக்கேள்வி எழுந்ததுண்டு. இதனை ஸம்ப்ரதாய த்வேஷம் என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவது அடியேனுக்கு உசிதமாகத் தோன்றவில்லை. ஜடபரதர் சரிதத்தைப் பாராயணம் செய்யும் நாம் அக்கேள்வியைப் புராண காலத்திலேயே கேட்டவர்கள். நம் விடையும் அங்கேயே இருக்கிறது. விஷ்டியாகில் தோஷம். கூலியாகில் அது லோக வ்யவஹாரம். உழைப்புக்குத் தக்க ஊதியம் கொடுத்தே தீரவேண்டும். கைங்கர்யமாகில் சுமப்பவன் சேஷத்வத்தின் சுவையறிந்து தானே விரும்பி வந்திருக்க வேண்டும்.

இங்கேதான் நம்மை நாமே சோதித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. கைங்கர்யம் என்ற பெயரைச் சொல்லிக்கொண்டு வெட்டி வேலை வாங்குகிறோமா? ஸ்ரீபாதம் தாங்குவாருக்குப் பல இடங்களில் ஸம்பாவனை அற்பம். புறப்பாடு முடிந்து தீர்த்தமும் ஸ்ரீசடாரியும் ஸாதிக்கும்போது அவர்கள் தண்டின்கீழ் நிற்பதால் கடைசியில் நினைக்கப்படுகிறார்கள். சில நாள் மறக்கவும் படுகிறார்கள். ப்ரஸாதம் அவர்கள் கைக்கு வரும்போது ஆறிப்போயிருக்கிறது. பாரம் தாங்கி இடுப்பும் கழுத்தும் தேய்ந்த முதியவர்களை விசாரிப்பாரில்லை. இந்நிலையில் அவர்கள் பிள்ளைகள் தண்டுக்கு வரவில்லை என்று குறைகூறுவது எந்த ந்யாயம்?

ஆள் இல்லாமையால் வாஹனத்துக்குச் சக்கரம் பூட்டும் வழக்கம் எங்கள் பகுதியிலும் வந்துவிட்டது. கன்டெய்னர் லாரிகள் இடைவிடாது ஓடும் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில், 2021 முதல் மெட்ரோ ரயிலும் மேலே ஓடும் ஊரில், இதனைக் கண்டிக்க அடியேனுக்கு மனம் வரவில்லை. புறப்பாடே நின்றுபோவதைவிடச் சக்கரம் மேல். எனினும் சக்கரம் உருளுமேயன்றி நடவாது. ஸிம்ஹகதியும் இல்லை, ஸர்ப்பகதியும் இல்லை. நடையழகு என்ற சொல்லின் பொருளை நம் பேரக்குழந்தைகளுக்கு எதைக் காட்டி விளக்குவோம்?

ஆகவே அடியேன் ஸந்நிதி அதிகாரிகளுக்கும் கோஷ்டியாருக்கும் விண்ணப்பிப்பது மூன்று. ஸ்ரீபாதம் தாங்குவாருக்குரிய ஸம்பாவனையை உபயதாரர்களின் இஷ்டத்துக்கு விடாமல் உபயக் கட்டளையிலேயே தனியாக எழுதுதல். வயது முதிர்ந்து தண்டை விட்டவர்களுக்கு நாள்தோறும் ப்ரஸாதத்தில் ஒரு பங்கு வைத்தல். புறப்பாடு திரும்பியதும் கோஷ்டிக்கு முன்பாக அவர்களுக்குத் தீர்த்தமும் ஸ்ரீசடாரியும் ஸாதித்தல். மூன்றாவதற்குக் காசு செலவில்லை. முனிவாஹனபோகத்தைக் காலக்ஷேபம் செய்யும் நமக்கு இது ஆட்சேபத்துக்குரியதாகவும் இராது.

எங்கள் ஸந்நிதியில் சென்ற உத்ஸவத்தில் அதை மட்டும் நிறைவேற்ற முடிந்தது. அன்று பின்தண்டில் நின்றிருந்த இளைஞன் ஆலையிலிருந்து நேரே வந்தவன். அடியேன் அன்று அவமதித்த அப்பெரியவருடைய பேரன். ஸ்ரீசடாரி முதலில் தன் தலைக்கு வரும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. தோளிலிருந்த துண்டை அவசரமாக எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்தான். அந்தத் தோளிலும் காய்ப்பு இருந்தது.

அடியேன் எழுதியதில் குற்றங்குறைகள் இருப்பின் பெரியோர்கள் க்ஷமித்தருள வேண்டும்.